திட்டிக்கொண்டே ஏறிய கை

எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த ஆபரேஷன் இரண்டுதான். ஒன்று, வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுப்பது. இன்னொன்று, இனிப் பிள்ளை வேண்டாம் என்று செய்துகொள்வது. இரண்டுக்கும் வீட்டில் செய்கிற வைத்தியம் ஒன்றே. காதில் பஞ்சு, நெற்றியில் மருந்துப் பத்து, பூண்டுக் குழம்பு, வெந்நீர், கையைக் காலை ஆட்டாத படுக்கை. பச்சை உடம்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

அண்ணிக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, முதலில் ஊசி மருந்து ஏற்றி முடி கொட்டி, பிறகு அந்த மார்பையே எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, நாங்கள் அவளுக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்தோம். தெருவே கூடிச் செய்தது. எதிர்வீட்டு அக்கா பூண்டு உரித்துக்கொண்டு வந்தாள். நான் பத்து அரைத்தேன். என் அண்ணன் புதுத் துண்டு ஒன்றை எடுத்து, அவளுடைய வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினான். கட்டும்போது அவன் கண் கலங்கியிருந்தது. பெண்டாட்டிக்கு வலிக்கக் கூடாது என்று ஒருவன் அவ்வளவு பதமாக முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருவர் கட்டிலருகே வந்தார். சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏற்றிக் காட்டினார். தினமும் இப்படிக் கையைத் தூக்க வேண்டும், விட்டால் தோள் இறுகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்கா ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தாள்.

"அது சின்னப் பொண்ணு. அதுக்கு கல்யாணமாச்சும் ஆச்சா? தையல் பிரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் அவளுடைய நாத்தனார். என் புருஷன் வீட்டில் எனக்குச் சரிப்படவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அது பழைய கதை. அண்ணனும் அண்ணியும் இருக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளந்து வாங்கும் வேலை. நடுப்பகல் முழுக்க வீட்டில்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தால் நான் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடுத்து ரேடியேஷன், அதற்கான நாள் குறிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு, "கையத் தலைக்கு மேல தூக்குங்கம்மா" என்றார்.

அண்ணி தூக்கினாள். கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. அங்கேயே நின்றது. அவள் முகம் சுருங்கியது. டாக்டரம்மா மெதுவாகக் கையைப் பிடித்து மேலே கொண்டுபோகப் பார்த்தார். அண்ணி "அய்யோ" என்று உதறிக்கொண்டாள்.

"வூட்ல பயிற்சி எதுவும் செய்யலியா?"

அண்ணன் பெருமையாகச் சொன்னான். "ஒரு வேல செய்ய வுடல டாக்டர். கைய அசைக்கவே வுடலியே."

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். ரேடியேஷன் கொடுக்கும்போது கை தலைக்கு மேல் போய், அங்கேயே அசையாமல் இருக்க வேண்டும். கை குறுக்கே வந்தால் மெஷினால் சரியான இடத்தில் கதிரைக் காட்ட முடியாது. மூன்று வாரம் தருகிறேன், அதற்குள் கையைக் கொண்டுவாருங்கள் என்றார்.

"அதுக்குள்ள வரலன்னா?" என்று நான் கேட்டேன்.

"ரொம்பத் தள்ளிப்போட முடியாதுங்க. உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா, அது வளர நாமளே டைம் குடுத்த மாதிரி ஆயிடும்."

வெளியே வந்தோம். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். நெல் மூட்டை, கரும்பு, கல்யாணப் பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். அன்று முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். நான் நடுவில் இருந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம், அந்தக் கையை மடியில் வேறு யாருடைய கையையோ வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு. எனக்கு உள்ளே கொதித்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பூண்டுமேல், பத்துமேல், அந்தத் துண்டின்மேல். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துண்டை எடுத்து அடுப்பு மேடை துடைக்கப் போட்டுவிட்டேன்.

மறுநாளே நான் மட்டும் பஸ் பிடித்துப் போய் அந்தப் பயிற்சிப் பெண்ணைப் பார்த்தேன். இந்தமுறை தலையாட்டிவிட்டு வரவில்லை. அவர் செய்யச் செய்ய நானும் செய்தேன். சுவரில் விரல் ஏற்றுவது. மல்லாந்து படுத்து ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. கைகளைப் பிடரியில் கோத்து முழங்கையை விரிப்பது. அக்குளில் கயிறு மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம், அது தளர்ந்துவிடும் என்றார். இழுக்கிற வரை போகலாம், கிழிக்கிற மாதிரி வலித்தால் நிறுத்த வேண்டும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, வளையல் இறுக்கமாகப் போடக் கூடாது. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அண்ணி ஒத்துழைப்பாள் என்று நினைத்தேன். அது என் மடத்தனம்.

முதல் நாள் சுவரில் விரலை வைத்தாள். இரண்டு சாண் ஏறியது. "முடியல" என்று இறக்கிவிட்டாள். அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் நான் கூப்பிடும்போது தூங்குவதுபோல் படுத்திருந்தாள். கண்ணிமை துடித்துக்கொண்டிருந்தது, எனக்கா தெரியாது? எழுப்பி நிறுத்தினேன். முழங்கைக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்து மெல்ல ஏற்றினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

சாயங்காலம் சொசைட்டியில் கேனோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு என் காதில் விழும்படி ஒருத்தி ஆரம்பித்தாள்.

"டிவி சீரியல்ல வர்ற நாத்தனாகூட பரவால்ல. ஒடம்பு முடியாதவள இப்டி கைய முறுக்குறாளே."

"அவளுக்கு இன்னா, புள்ளயா குட்டியா," என்றாள் இன்னொருத்தி.

அவள் கேனை வாங்கி, தண்ணீர் கலந்ததைக் காட்டும் மானியைப் பாலில் விட்டுப் பார்த்தேன். "கொழாயத் தொறந்து வுட்டுட்டியா? எடுத்துகினு போ" என்று திருப்பிக் கொடுத்தேன். உண்மையிலேயே தண்ணீர் கலந்திருந்தாள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குள்ளும் எனக்கு ஆதரவு இல்லை. அண்ணனுக்கு அவள் அலறல் தாங்கவில்லை. நான் சொசைட்டிக்குப் போன நேரத்தில் அவளைப் படுக்கவைத்து, தலையணையைக் கைக்குக் கீழே முட்டுக்கொடுத்து, சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து வழியை மறித்து நின்றான்.

"போதும். இன்னொரு வாட்டி அவ கத்தினா நா மனுசனா இருக்க மாட்டேன்."

"அவ கத்தறது உனக்குக் கேக்குதில்ல?"

"கேக்கறதாலதான சொல்றேன்."

"கேக்கட்டும்ண்ணா. அவ கத்தறது கேக்காம போற நாளு ஒண்ணு வந்துடக் கூடாதுன்னுதான் நானும் கத்த வுடறேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. அண்ணன் வழியைவிட்டு விலகினான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தடுக்கவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் கை ஏறவில்லை. முதல் வாரம் கிட்டத்தட்ட வீணாகப் போனது. அண்ணிக்குக் கையில் மட்டும் இல்லை வலி. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, நைட்டியோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். புடவை கட்டினால் வலது பக்கம் வெறுமையாகத் தெரிகிறது என்று கைக்குட்டையைச் சுருட்டி வைத்தாள், அது மேலே ஏறி வந்தது, எடுத்து வீசிவிட்டாள். கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்டி" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிடுவாள். பார்க்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் மட்டும் அழவே இல்லை. கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கல் ஒருநாள் நடுப்பகலில் உடைந்தது. நான் முழங்கையைத் தாங்கிக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"உனக்கு இன்னாடி தெரியும் வலியப் பத்தி? புருசன் வூட்ல ஒழுங்கா பொழைக்கத் தெரியாம ஓடியாந்தவதான நீ? என் வூட்டுச் சோத்தத் துன்னுகினு என்னையே அதிகாரம் பண்றியா?"

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதைச் சொன்னதில்லை. மனதில் இருக்கிறது என்று தெரியும், ஆனால் வாயில் வந்ததில்லை. பை ஒன்றை எடுத்து, நாலு புடவையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்போதுதான் கவனித்தேன். கோபத்தில் திரும்பியவள் சுவரில் வலது கையை ஊன்றியிருந்தாள். விரல்கள் நேற்று நின்ற இடத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தன.

"திட்டு," என்றேன்.

அவள் விழித்தாள்.

"இன்னும் இருக்கும் இல்ல? எல்லாத்தையும் திட்டு. ஆனா கைய எறக்காம திட்டு. ஒரு கொறை சொன்னா ஒரு விரலு மேல ஏறணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தொடங்கினாள்.

கல்யாணத்தன்று நாத்தனார் முடிச்சு போடும்போது நான் அவள் முடியையும் தாலிக் கயிற்றோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டேனாம். மணையில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். விரல் ஏறியது. தலைத் தீபாவளிக்கு அவளுக்குப் பாசி நிறத்தில் புடவை எடுத்துவிட்டு நான் மட்டும் அரக்கு நிறத்தில் எடுத்துக்கொண்டேனாம். ஏறியது. முதன்முதலாக அவள் வைத்த மீன் குழம்பைச் சொந்தக்காரர்கள் எதிரில் "மண்ணு வாட வருது" என்றேனாம்.

"வந்துச்சுதான்," என்றேன். "ஏரி மீனைச் சரியா கழுவல நீ."

"நாலு தண்ணி ஊத்திக் கழுவினேன்டி!" என்று கத்தினாள். விரல் ஏறியது.

அதன்பிறகு தினமும் இப்படித்தான். நான் எதிர்வாதம் செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குச் சூடு பிடிக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் பேசினேன். அதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டில் இரவல் வாங்கிய கிரைண்டரை நான் உளுந்து ஒட்டியபடியே திருப்பிக் கொடுத்தேனாம், அது பொய். வில்லியனூர்த் தேருக்குப் போனபோது வளையல் கடையில் நல்லதை எல்லாம் நான் முதலில் பொறுக்கிக்கொண்டேனாம், அது உண்மை. மகள் வயதுக்கு வந்த சடங்கில் போட்டோவில் நடுவில் நின்றேனாம், நாத்தனார் வேறு எங்கே நிற்பாள்? படுத்துக் கம்பைத் தூக்கும்போதும் திட்டினாள். பிடரியில் கை கோக்கும்போதும் திட்டினாள். எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் இத்தனை விஷயம் பேசாமல் கிடந்ததா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

தெரு வேறுமாதிரி குழம்பிப்போனது. முன்பு நான் கொடுமை செய்கிறேன் என்றவர்கள் இப்போது, "ஆபரேசன் பண்ணதுல மூளை கலங்கிப்போச்சு போல, நாத்தனாவ அந்த வாங்கு வாங்கறா" என்றார்கள். எதிர்வீட்டு அக்கா சமாதானம் பேச வந்தாள். அவளையும் சுவர் ஓரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன். அவளுக்கே பாதிக்கு மேல் ஏறவில்லை, நடவு நட்டு நட்டு இறுகிப்போன தோள். அண்ணி சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அக்கா கோபித்துக்கொண்டு போய், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தாள்.

ஒருநாள் அண்ணன் ஏரிக்கரைக்குப் போகாமல் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று பாசி நிறப் புடவை மறுபடி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பொடவைய எடுத்தது நா இல்ல அண்ணி. உன் புருசன். நா அரக்கு கலர்ல ரெண்டு எடுக்கச் சொன்னேன். இவுருதான் பச்சை எம் பொண்டாட்டிக்கு நல்லா இருக்கும்னாரு."

அண்ணி கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு மெல்லத் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் நழுவிவிட்டான். அன்று விரல்கள் அவள் நெற்றி உயரத்தைத் தாண்டின.

அந்த வாரத்தில்தான் குளிக்கும்போது கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். முதுகு தேய்க்க என்றுதான் சொன்னாள். உள்ளே போனேன். நைட்டி இல்லை. என் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றாள், நான் பார்க்க வேண்டும் என்றே.

"பாத்துக்கோ. எப்டி இருக்குது?"

நான் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. மார்பு இருந்த இடத்தில் தட்டையான தோல், அதில் அக்குளை நோக்கிப் போகும் ஒரு கோடு. இதோடு அவள் எத்தனை நாள் தனியாக இந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா ஆறிருக்குது. தையல நேரா போட்டிருக்காங்க," என்றேன்.

"அவ்ளோதானா?"

"வேற இன்னா சொல்லணும்? அசிங்கமா இருக்குதுன்னா? இல்ல. ஒண்ணு இல்ல, அவ்ளோதான்."

அவள் சொம்பை என்னிடம் நீட்டினாள். அன்றிலிருந்து குளித்து முடித்ததும் தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவி விரலால் மெல்ல நீவிவிடுவது என் வேலையாயிற்று. பயிற்சிப் பெண் அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கொஞ்ச நாளில் அண்ணன் அந்த வேலையைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். கொடுத்துவிட்டேன். கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டபோது நான் கொல்லைப்புறம் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் தொடங்கியதும் எல்லாம் சறுக்கியது. அண்ணிக்கு ஆசை அதிகமாகிவிட்டது. நான் சொசைட்டியில் இருந்தபோது தானாகவே கம்பை வைத்து இழுத்திருக்கிறாள். மறுநாள் அக்குள் வீங்கி, கை மறுபடி தோளோடு நின்றுவிட்டது. போனில் பயிற்சிப் பெண்ணைக் கேட்டேன். உடனே கொண்டுவந்து காட்டச் சொன்னார். காட்டினோம். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். ஓய்வு முடிந்தது. அண்ணி எழுந்து வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திட்டறதுக்கு ஒண்ணும் இல்லியா இன்னிக்கு?"

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "கைய தூக்கிட்டேன்னு வெச்சிக்கோ. மெஷின்ல படுத்துட்டேன்னு வெச்சிக்கோ. அப்புறம் இது திரும்பி வராதுன்னு சொல்லு. உன்னால சொல்ல முடியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். சாமி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று. எனக்கு அவளிடம் பொய் வரவில்லை. அத்தனை நாள் சுவர் ஓரம் சண்டை போட்டபின் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"முடியாது. எனக்குத் தெரியாது," என்றேன். "மெஷின்ல படுத்தா வராம இருக்கறதுக்கு வழி ஜாஸ்தின்னு டாக்டரம்மா சொல்றாங்க. கை தூக்கலன்னா மெஷினே இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"எனக்கு பயமா இருக்குதுடி," என்றாள். "எம் பொண்ணு இன்னும் படிச்சிகூட முடிக்கல. நா செத்துடுவேன்னு பயமா இருக்குது. எல்லாரும் என்னைக் கட்டிகினு அழறப்ப, நா செத்துப்போய் நடுக்கூடத்துல கெடக்கற மாதிரியே இருந்துச்சு. அதான் அழல. நானும் அழுதா அது நெசமாயிடும்னு இருந்துச்சு."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் இருக்க முடியாது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "ஆமா, ஓசியில ஆக்கிப் போட ஆள் வேணும் உனக்கு" என்றாள். அழுது முடித்த கண்ணோடு எழுந்து, தானாகவே சுவர்ப் பக்கம் போனாள்.

மீதி நாள்களில் என்னைவிட அவள்தான் பிடிவாதமாக இருந்தாள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. அடம் என்றால் அப்படி ஒரு அடம். திட்டுவதற்குப் பழைய குறைகள் தீர்ந்துகொண்டே வந்தன. நான் திரும்பி வந்த வருஷம் மின்விசிறி இருந்த அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, கத்திரி வெயில் முழுக்க அவளும் அண்ணனும் கூடத்தில் வேர்வையில் படுத்தது வரை வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை. கை காதை ஒட்டி மேலே போய், நடுங்கி, அங்கேயே நின்றது.

ஆனால் ஒரு தடவை மேலே போவதும் படுத்தபடி நெடுநேரம் அங்கேயே வைத்திருப்பதும் ஒன்றல்ல. அது எங்களுக்குத் தெரியும். வீட்டில் படுக்கவைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கை உதற ஆரம்பித்தது. "பேசு, திட்டு" என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளறிவிட்டால் தாங்கினாள். நான் வாயை மூடினால் இறங்கிவிடும். அந்தக் கவலையோடுதான் குறித்த நாளன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய், மார்பில் மையால் கோடு போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதுதான் முதல் படி. கை அசையாமல் நின்றால் ரேடியேஷன் தொடங்கலாம். நானும் கூடவே உள்ளே போனேன். மேசையில் படுத்தாள். தலைக்கு மேலே கைப்பிடி மாதிரி ஒன்று இருந்தது. வலது கை மெதுவாக ஏறியது, இழுத்தது, உதட்டைக் கடித்தாள், கைப்பிடியைத் தொட்டது. நான் அவள் பக்கத்தில் வாகாக நின்றுகொண்டேன். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளிய இருக்கணும்மா. யாரும் உள்ள இருக்கக் கூடாது. நாங்களே வெளிய போயிடுவோம்."

"நா பக்கத்துல இருந்து பேசினாதான் தம்பி அவங்களால கைய வெச்சிருக்க முடியும்."

"முடியாதும்மா. ரூல்ஸ்."

அண்ணி படுத்தபடியே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். நான் வெளியே வந்தேன். கனமான கதவு சாத்திக்கொண்டது. அதற்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணன் நாற்காலியில் உட்கார முடியாமல் தாழ்வாரத்தில் நடந்தான். நான் உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனால் என் வலது கையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் எனக்கு நானே அவளுடைய குறைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மீன் குழம்பு, வளையல், போட்டோ. பாதியில் கை இறங்கிவிட்டால் திரும்ப அனுப்பிவிடுவார்கள். இனி எத்தனை நாள் தருவார்கள்? தருவார்களா? கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு அணைந்தது. முதலில் அந்தத் தம்பிதான் வந்தார். "நல்லா வெச்சிருந்தாங்கம்மா, அசையவே இல்ல. சரியா வந்திருக்கு. ரேடியேஷன் ஆரம்பிச்சிடலாம்" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பின்னாலேயே அண்ணி வந்தாள். இடது கையால் வலது தோளை நீவிக்கொண்டு, களைத்துப்போய். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நடுங்கலியா அண்ணி?"

"நடுங்காம? கதவச் சாத்தின ஒடனே நடுங்க ஆரம்பிச்சிடுச்சி. உன்னத் திட்டிப் பாக்கலாம்னு மனசுக்குள்ள தேடறேன், ஒண்ணும் கெடைக்கல. எல்லாத்தயும்தான் செவுத்துலயே திட்டித் தீத்துட்டனே. சரி, கைய எறக்கிடப்போறேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் புதுசா ஒண்ணு கெடச்சுது," என்று என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நா இங்க ஒண்டியா கெடக்கறேன், நீ கதவுக்கு அந்தாண்ட போய் ஒக்காந்துகினு இருக்கற. எப்டிடி என்ன வுட்டுட்டு நீ வெளிய போன? முடியற வரைக்கும் அதுக்குத்தான் திட்டினேன்."

அத்தனை நாளில் அவள் சொன்ன குறைகளில், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நான் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.